'தோல்பை' முதல் இதழும் என் அகால மரணமும்

உ

தாராவி, பம்பாய்-17
மாசி மாதம், 1965

மரியாதைக்குரிய அத்தான் பிச்சை அவர்களுக்கு, மைத்துனன் காசிராஜன் தாராவியிலிருந்து கைகூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் உயிரோடு இருக்கிறேன். கடிதத்தில் வழக்கத்துக்காக எழுதுகிற க்ஷேமம் இல்லை இது. சோறு தின்று, வெற்றிலை போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிற நிஜமான க்ஷேமம். அவ்விடம் யாராவது அழுதுகொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லவும். முக்கியமாக என் வீட்டுக்காரி பேராச்சியிடம் பொட்டில் கை வைக்க வேண்டாம் என்றும், பெட்டியிலிருக்கிற என் கம்பளிக் கோட்டை அவள் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சொல்லவும். இங்கிருந்து உங்களுக்கு இரண்டு தந்திகள் வந்திருக்கும். ஒன்றில் நான் காலமாகிவிட்டேன் என்றும், மற்றொன்றில் காலமாகவில்லை என்றும் இருக்கும். எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று எனக்குத் தெரியாது. மனிதர்கள் பின்னே வந்ததைத்தான் நம்புவார்கள் என்பதால், இரண்டுக்கும் பின்னே வரட்டும் என்று இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இப்பவும் நான் பம்பாய்க்குக் கிளம்பிய அன்று நாக்பூரில் நம் கடை வாசலில் நீங்கள் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கலாம். சொன்னவர்களுக்கு மறந்துவிடும், வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு மறக்காது. "ஏ மாப்ள, ஏலக்காய் கொள்முதல் பண்ணப் போறேன்னு சொல்லுத. பைக்குள்ள காயிதக் கட்டு என்னத்துக்குல?" என்றீர்கள். நான் பையை முதுகுப் பக்கம் தள்ளினேன். "நீயும் இத்தனை வருஷமா எழுதுத. நீ எழுதினதைப் படிச்சு உன்னைத் தவிர ஒருத்தன் சிரிச்சதா சரித்திரம் உண்டா?" என்று கேட்டீர்கள். மிளகாய் வத்தல் வாங்க வந்திருந்த அம்மாள்கூடச் சிரித்தாள். நான் எழுதியதற்குச் சிரிக்காத அம்மாள், நீங்கள் பேசியதற்குச் சிரித்தாள். அந்த ஆத்திரத்தில்தான் நான் தராசைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன்: பிறந்து வளர்ந்த தாராவியில் ஒரே ஒரு ஆளாவது என் எழுத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லையென்றால், இனிப் பேனாவை ரசீது போடுவதற்குத் தவிர வேறு எதற்கும் எடுப்பதில்லை, எழுத்துப் பேச்சை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து புளி விற்பேன் என்று. கடைக்காரன் தராசைத் தொட்டுச் சொன்னால் மீற முடியாது. அக்காள் கனகவள்ளி சாட்சி.

அத்தான், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவும். ஒரு ஆள் இல்லை, ஒரு சந்தே சிரித்தது! பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும், நிறுத்துங்க" என்று கெஞ்சினாளாம். இதற்காக நான் செத்துப்போக வேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஆனால் எழுத்தாளர்கள் எல்லோருக்கும் அப்படித்தானே நடக்கிறது? செத்த பிறகுதான் மதிப்பு. எனக்குச் செத்த அன்று காலை காப்பிக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். தாதரில் இறங்கியபோது ஒரு டாக்ஸிக்காரன் என்னைப் பார்த்து, பம்பாய்க்கு இதுதான் முதல் தடவையா என்று இந்தியில் கேட்டான். கிங் சர்க்கிளில் டிராம் தண்டவாளத்தில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? அவன் டாக்ஸியே வேண்டாமென்று நடந்தே தாராவிக்கு வந்தேன். சித்தி மகள் சண்முகவடிவு வீட்டில்தான் தங்கினேன். அவள் நாக்கு நாம் இங்கே இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. வாசலிலேயே, "வாங்க அண்ணாச்சி. நாக்பூர்ல ஆரஞ்சுப் பழம் தெருவுல உருளுதுன்னு சொல்லுதாவ. நீங்க கையை வீசிக்கிட்டு வந்திருக்கியளே, இந்த வருஷம் காய்ப்பு இல்லியோ?" என்று வரவேற்றாள்.

ஊர் மாறிவிட்டது, அத்தான். நாம் இருந்தபோது நாலு பேர் கூடினால் ஒரு சங்கம் ஆரம்பிப்பார்கள், இரண்டாம் கூட்டத்தில் உடைப்பார்கள். இப்போது நாலு பேர் கூடினால் ஒரு பத்திரிகை ஆரம்பிக்கிறார்கள். மதராசிலிருந்து வருகிற அச்சுப் பத்திரிகை இல்லை. அச்சாபீஸ் வாசலை மிதிக்காமல், கையாலேயே எழுதி, தாங்களே தைத்து, தாங்களே வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுக்கிற பத்திரிகைகள். இந்த ஊரில் இப்போது படிக்கிறவர்களைக் காட்டிலும் ஆசிரியர்கள் அதிகம். மதராஸ் பத்திரிகைகள் என் கதைகளைத் திருப்பியனுப்புகிற சுறுசுறுப்பு உங்களுக்குத் தெரியும். தபால்காரர் நம் கடையில் உட்கார்ந்து சர்பத் குடிக்கிற அளவுக்குச் சிநேகமானதே அதனால்தான். ஆகவே இந்த ஆசிரியர்களைப் பார்த்ததும், வெல்ல மூட்டையைக் கண்ட எறும்பு மாதிரி ஆகிவிட்டேன். ஏலக்காய் எந்தத் திசையில் விற்கிறது என்பதே மறந்துவிட்டது.

முதலில் மாட்டுங்கா போனேன். அங்கே வெங்கடராமன் என்று ஒருவர், ஒரு கம்பெனியில் ஸ்டெனோகிராபர். 'பூந்தொட்டி' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி! அது ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கி அடுத்த வீட்டுக்குப் போகும், கலியாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி. முதல் பக்கத்தில் தாமரை, அதற்குக் கீழே, 'எண்ணெய்க் கையால் தொடாதீர். தூளிக் குழந்தையிடம் கொடாதீர்.' எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது கடைசியில் வாசகர் அபிப்பிராயத்துக்கென்று விட்டிருக்கும் வெற்றுப் பக்கங்கள்தான். ஒரு கதைக்கு ஒரு அம்மாள், 'கதை அருமை. ஆனால் கதாநாயகி வெண்பொங்கலில் பெருங்காயம் போடுகிறாளே?' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு மையில், 'போட்டால் என்ன?' அதற்குக் கீழே, 'போடக்கூடாது.' அதற்குக் கீழே, 'எங்காத்தில் போடுவோம்.' இப்படியே பக்கம் பக்கமாய்ப் போய், கடைசி மூலையில் கதையை எழுதியவரே பொடி எழுத்தில், 'கதையைப் பற்றி யாராவது?' என்று கேட்டிருந்தார். ஒருவரும் பதில் எழுதவில்லை.

நான் என் 'தராசும் நானும்' கட்டுரையை எடுத்து நீட்டினேன். வெங்கடராமன் ஊஞ்சலில் உட்கார்ந்து படித்தார். தலை ஆடியது, ஊஞ்சலும் ஆடியது, வாய் மட்டும் அசையவில்லை. முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஓய், விஷயம் இருக்கு. நடை இருக்கு. சிரிப்பு மட்டும் வழியில எங்கேயோ இறங்கிப் போயிடுத்து," என்றார். அவர் வீட்டு மாமி நல்லவள். ஒரு முழு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் செம்பூர். அங்கே டிராம்பேயில் அணுவைப் பிளக்கிற ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு பிள்ளையாண்டான் 'ஊதா' என்று ஒரு பத்திரிகை நடத்துகிறான். காகிதங்களுக்கு நடுவே கார்பன் வைத்து, மேலே பேனாவால் அழுத்து அழுத்தென்று அழுத்தி எழுதி, ஒரே மூச்சில் ஆறு பிரதி எடுக்கிறான். முதல் பிரதியைக் கண்ணால் படிக்கலாம். மூன்றாவதை யூகத்தால் படிக்கலாம். ஆறாவது பிரதி பக்திமான்களுக்கு. அதில் வெறும் மேகம்தான் தெரியும், இருக்கிறது என்று நம்பிக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆறாவது பிரதி வாசகர்தான் இருப்பவர்களிலேயே அதிகமாகப் புகழ்ந்து எழுதுகிறாராம். என் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "நாங்க சிரிக்கிற சமாசாரம் போடுறதில்ல சார். வேதனையைத்தான் போடுவோம்," என்றான். "தம்பி, இதைப் படித்தவர்கள் எல்லோருமே வேதனைதான் பட்டார்கள்," என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அவன் சிரிக்கவில்லை. பிளக்க முடியாத அணு.

சத்தியம் தொண்டையில் மீன் முள்ளாய் நிற்கிறது. நாக்பூர் திரும்ப வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. அப்போதுதான் ஜெயினுலாப்தீனைப் பார்த்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு படித்தவன், கணக்கு வாத்தியார் நாற்காலியில் தோல் ஒட்டும் பசை தடவினவன். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்துத் தோல்பையும் சூட்கேஸும் செய்கிறான். பட்டறைச் சுவரில் வாரா வாரம் 'தோல்பை' என்று ஒரு பத்திரிகையை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தானாம். மழை வந்தால் இதழ் கரைந்துவிடும், ஆடு வந்தால் தீர்ந்துவிடும். அதனால் உல்லாஸ்நகர் பழைய சாமான் சந்தையில் ஒன்றை எழுதினால் பல நகல் எடுக்கிற ஒரு சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். முதல் இதழ் ஓட்டப்போகிற நேரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தேன். கட்டுரையைக் கொடுத்தேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. "நீ எழுதினதா காசி? அப்பம் போட்டுருவோம்," என்றான். "ஒரு தடவை படிச்சுப் பாரேன்பா," என்றேன். "அரே, படிச்சிட்டுப் போட்டா நட்பு கெட்டுப் போயிரும்ப்பா. சும்மா போடுவோம்," என்றான். இப்படிப்பட்ட ஆசிரியர் மதராசில் ஒருவர் இருந்திருந்தால் நான் இன்று எங்கேயோ இருந்திருப்பேன்.

மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு முனைப் பேனாவால் நானே எழுதினேன். தலைப்பை விடப் பெரிதாக, தாளின் உச்சியில், 'நாக்பூர் காசிராஜன்' என்று என் பெயரைப் போட்டேன். அடக்கத்துக்காகப் பெயருக்கு முன்னால் 'திரு' போடவில்லை. ஸ்டென்சிலை உருளையில் மாட்டிச் சுற்றினால், அத்தான், ஒரு தாள் வெளியே வந்து விழுந்ததே, அதில் என் பெயர்! நான் என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டென்சில் உருளையை விடச் சிறியது. அது மூடாத இடமெல்லாம் மை வழிந்து, தாளின் நாலு ஓரத்திலும் பட்டையாய்க் கறுப்பு விழுந்திருந்தது. ஜெயினுலாப்தீன் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "பட்டுச் சேலை பார்டர் தோத்துது போ!" என்றான். நானும் ஆமாம் என்றேன். நம் சந்துக்கு ஆகிற அளவு ஓடியதும் ஸ்டென்சில் கிழிந்துவிட்டது. இரவு அங்கேயே தோல் கட்டுகளின் மேல் படுத்துவிட்டேன். விடிகிற நேரத்தில் பட்டறை ஆட்கள் போய் வீட்டுக்கு ஒன்றாகக் கதவடியில் செருகிவிட்டு வந்தார்கள்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அக்காளுக்கு இரண்டு வரி முன்னாலேயே புரிந்திருக்கும். நம் ஆட்கள் வீட்டு வாசலில், ஓரத்தில் கறுப்பு அடித்த காகிதம், அதன் தலைப்பில் ஒரு மனிதனின் பெயர்! சாவுச் செய்தி என்று பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியுமே. அதை வீட்டுக்குள் கொண்டுபோகலாமா? வாசலில் நின்றபடியே ஆள் யாரென்று மட்டும் பார்த்துவிட்டு, கிழித்தெறிந்துவிட்டுத் தலைமுழுக வேண்டாமா? ஜெயினுலாப்தீனுக்கு அந்த வழக்கம் இல்லை. எனக்கு உண்டு, ஆனால் பெயரைப் பார்க்கிறவன் ஓரத்தையா பார்ப்பான்? போதாக்குறைக்கு நான் இரவு வீடு திரும்பவில்லை. சண்முகவடிவு காகிதத்தைப் பார்த்தாள், விரித்தபடியே கிடக்கிற என் பாயைப் பார்த்தாள், ஓவென்று அலறினாள். முதல் இதழின் பிரதிகள் அத்தனையும் வாசல் வாசலாகக் கிழிபட்டன. சந்தே முனிசிபல் குழாயடிக்கு ஓடியது. அன்று காலை வந்த தண்ணீரெல்லாம் எனக்குத் தலைமுழுகியே தீர்ந்துபோயிற்று. பலகாரக் கடைக்காரர் தண்ணீரில்லாமல் கடையை மூடிவிட்டார். மூன்றாம் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே தந்தியாபீசுக்கு ஓடினார். நல்ல மனிதர், வேகம்தான் ஜாஸ்தி.

நான் இது ஒன்றும் தெரியாமல், முகமும் கையும் மையாக, பாராட்டு வாங்கிக்கொள்ள நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்துக்குள் நுழைகிறேன். கூட்டம்! எனக்காகத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை, எனக்காகத்தான் கூடியிருந்தார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "ஏல, யாருல அது? எழவு வீட்டுல வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க? ஓடிப் போயி நாலு பெஞ்சு தூக்கிட்டு வா!" என்றார். மை பூசின முகத்தில் அவர் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர் சொல்லைத் தட்டலாமா? யாருக்கு என்று கேட்காமலே என் எழவுக்கு நானே பெஞ்சு சுமந்தேன், அத்தான். சுமந்த களைப்பில் அதிலேயே உட்கார்ந்து கேட்டால், உள்ளே சண்முகவடிவு மாரடித்துப் பாடுகிறாள்:

அனுப்பி வச்ச கதையெல்லாம் அடுத்த தபால்ல திரும்பிச்சே,
அண்ணாச்சி நீங்க போன வழி ஆரு போயித் திருப்புவா?
பேரெடுக்க வந்தியளே, பெட்டிக்கடை ராசாவே!

என் கதைகள் திரும்பி வரும் விவரம் அவளுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள்தான் எழுதியிருக்க வேண்டும். அதைப் பிறகு பேசிக்கொள்வோம். யாரோ காசிராஜன் என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். செத்தது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 'பெட்டிக்கடை'யைப் பொறுக்க முடியவில்லை. எழுந்து, "மளிகைக்கடை!" என்று கத்தினேன்.

அழுகை நின்றது. ஒருத்தி மயங்கி விழுந்தாள். சண்முகவடிவு ஈரத் தலையோடு வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "உசுரோட இருக்கியளா? சவத்தைப் புடிச்ச மனுசா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? ரெண்டு குடம் தண்ணி போச்சே!" என்றாள். சந்தோஷத்தில் அவளுக்கு எப்போதும் கோபம்தான் வரும். "எந்த எடுவட்ட பய இந்தக் கறுப்புக் காயிதத்தைப் போட்டது?" என்று கூட்டம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஜெயினுலாப்தீன் சிரித்த முகத்தோடு, "என்னப்பா, எல்லாரும் படிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறான். அவனைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருப்பார்கள். நான்தான் குறுக்கே விழுந்து, அது பத்திரிகை, நகைச்சுவைக் கட்டுரை, சிரிப்பதற்காக எழுதியது என்று விளக்கினேன். பெரியவர், "சிரிக்கதுக்கா? அப்பம் வாசிங்க பாப்போம். சிரிப்பு வரலேன்னா ரெண்டு பேருக்கும் இருக்கு," என்று தீர்ப்புச் சொன்னார்.

தராசுச் சத்தியம் ஒரு பக்கம், தர்மஅடி ஒரு பக்கம்! முழுப் பிரதி ஒன்றுகூட இல்லாததால் வாசல்களில் கிடந்த கிழிசல்களைப் பொறுக்கி ஒட்டு வைத்தார்கள். செத்ததாகப் பெயர் வாங்கியவன் முழுகாமல் சபையில் நிற்கக் கூடாது என்று என்னைக் கொல்லைக்குத் தள்ளினார்கள். மிச்சமிருந்த தண்ணீரும், மை போக மண்ணெண்ணெயும் கொடுத்துத் தட்டியையும் சாத்திவிட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவள் சண்முகவடிவு. அவளைப் பெஞ்சில் ஏற்றி உட்கார வைத்தார்கள். நான் மண்ணெண்ணெயை முகத்தில் தேய்த்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். வார்த்தை ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஈ ஆடவில்லை. எனக்குப் புளி மூட்டை கண்ணில் தெரிந்தது. பிறகு ஒரு கனைப்பு. ஒரு களுக். அப்புறம் வெடித்தது பாருங்கள், அத்தான்! தகரக் கூரை அதிர்ந்தது. பெரியவருக்குப் புரையேறியது. "இன்னொருக்கா வாசி, தாயி!" என்று கேட்டு வாங்கிச் சிரித்தார்கள். நான் கொல்லையில் சோப்பு நுரையோடு நின்று அழுதேன். மண்ணெண்ணெய்தான் கண்ணில் பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதோடு முடியவில்லை. என் மரணச் செய்தி மாட்டுங்கா வரை போய், ஆபீசுக்குப் புறப்பட்ட வெங்கடராமன் பாதி வழியில் திரும்பி, துக்கம் கேட்க வந்திருந்தார். வந்தவர் கூட்டத்தோடு கூட்டமாய் நின்று, சுருக்கெழுத்து நோட்டை எடுத்து, சண்முகவடிவு வாசிக்க வாசிக்க அப்படியே எழுதிக்கொண்டாராம். நான் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஓய் காசிராஜன், அன்னிக்கு எனக்குக் கண் அவிஞ்சு போச்சு, உம்ம கிட்ட இப்படிச் சரக்கு இருக்குன்னு தெரியலை. இதைப் 'பூந்தொட்டி'யில முதல் பக்கத்துல போடறேன். தாமரையை எடுத்துடறேன்," என்றார். தாமரையை எடுக்கிறார், அத்தான்! ஜெயினுலாப்தீன் என்னைத் 'தோல்பை'க்கு உபஆசிரியராகப் போட்டுவிட்டான். இனிமேல் ஓரத்தில் மஞ்சள் தடவித்தான் அனுப்புவது என்று முதல் தீர்மானம். 'ஊதா' பிள்ளையாண்டான்கூட, நடந்ததில் வேதனையும் இருப்பதால் பரிசீலிப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான்.

ஆகையால் அத்தான் அவர்கள் தயவுசெய்து அந்தத் தராசை ஒரு தரம் துடைத்துப் பொட்டு வைக்கவும். சத்தியம் ஜெயித்தது. கல்லாவில் நீங்களே உட்கார்ந்துகொள்ளலாம். மிளகாய் வத்தல் அம்மாளிடமும் விஷயத்தை மறக்காமல் சொல்லவும். ஏலக்காய் வாங்கவில்லை, அதை ஒரு குறையாகச் சொல்ல வேண்டாம். அக்காள் கனகவள்ளிக்கு என் வணக்கம். குழந்தைகள் திருச்செந்தூர் முருகன் புண்ணியத்தில் நன்றாகப் படித்து, எழுத்தாளர்கள் ஆகாமல், தீர்க்காயுசாய் இருக்கட்டும். பேராச்சியிடம் நான் வருகிறேன் என்று மெதுவாகச் சொல்லவும். திடீரென்று சொன்னால் பயந்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஒரு தடவை செத்து ஜெயித்த மைத்துனன்,
காசிராஜன்

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி உறையில் போடப் போகிற சமயம் வெங்கடராமன் புது 'பூந்தொட்டி'யைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் முத்து முத்தாக என் கட்டுரை. படித்துவிட்டு நானே விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் பக்கத்தில்தான் ஒரு சந்தேகம் வந்தது. பட்டறைக்குப் போய் என் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்து ஒத்துப் பார்த்தேன். என் பெயரைத் தவிர ஒரு வரிகூட நான் எழுதியது இல்லை. சண்முகவடிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாதிக் காயிதம் சாக்கடையில போச்சுல்லா? கிடைச்சதுல தராசு, முள்ளு, படிக்கல்லுன்னு ஒரே கடைச் சாமானா கெடந்துச்சு. வாசிச்சுப் பாத்தேன், சவம் ஒருத்தரும் சிரிக்கல. பெரியவரு செருப்பைக் கழட்டுதாவ. பொறவு என்ன செய்ய? அதான் நம்ம பிச்சை அத்தான் கதையைச் சொன்னேன்," என்றாள். இந்தச் சந்தில் எல்லோருக்கும் ஊர்க் கடுதாசி வாசித்துக் காட்டுகிறவள் அவள்தானாம். கடுதாசியில் இல்லாததைச் சேர்த்தும் இருப்பதை விட்டும் வாசிப்பதுதான் வழக்கமாம், அதனால்தான் எல்லோரும் அவளிடமே வருகிறார்களாம். எந்தக் கதை என்று கேட்கிறீர்களா? கலியாணமான புதிதில் நீங்கள் வடாலாவில் இறங்கி மாமனார் வீட்டுத் தீபாவளி விருந்துக்கு வருவதாகச் சொல்லி, ரயிலில் தூங்கி, விடிய விடிய முனைக்கும் முனைக்குமாய்ப் போய் வந்து, யாரோ ஒரு மீன்காரியின் கூடையில் தலை வைத்தபடி போலீஸ்காரரால் எழுப்பப்பட்டீர்களே, அதேதான். அந்தப் பிரதி இப்போது மாட்டுங்காவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து செம்பூர். அபிப்பிராயப் பக்கங்கள் இப்போதே நிரம்ப ஆரம்பித்துவிட்டன; என்ன மீன் என்பதில்தான் சர்ச்சை.

சத்தியப்படி பார்த்தால் நான் தோற்றவன்தான். எனவே பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இனிமே நான் எழுதல, வடிவு. நீயே எழுது," என்று சொல்லிப் பார்த்தேன். அவள் வெங்காயக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நல்லாருக்கே அண்ணாச்சி! நீங்க எழுதலேன்னா, நான் எதைப் பாத்து மாத்திச் சொல்லுவேன்?"